காலிச் சட்டமும் இருநூற்று நாற்பது பேரும்

சுங்கை ஊடாங்,
ஞாயிற்றுக்கிழமை

பேரன்புக்குரிய மூத்த சகோதரி விஜயராணி அவர்களுக்கு,

தங்கை மலர்க்கொடி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. செர்காமில் தாங்களும் அத்தானும் மளிகைக் கடையும் கடைப் பூனையும் குறைவில்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அவர் நலம். சிங்கப்பூரில் மகன் நலம். வாசலில் கறிவேப்பிலைச் செடியும் நலம். நான் இன்று காலை எழுந்ததும் செய்த முதல் வேலை, நாற்காலி போட்டு ஏறி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த காலிப் புகைப்படச் சட்டத்தைக் கழற்றி, அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததுதான். பல் துலக்கியதெல்லாம் அதற்குப் பிறகு. என் நலம் எப்படி என்பதை இதை வைத்தே தாங்கள் தெரிந்துகொள்ளலாம்.

அந்தச் சட்டத்தைத் தாங்கள் போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள். நான் அங்கியும் தொப்பியும் போட்டுப் பட்டம் வாங்கும் படத்தை வைப்பதற்காக அவர் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி வந்தது. வாங்கும்போது அதற்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண் பட்டச் சுருளைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "என் வீட்டுக்காரம்மா இடத்துல இவளுக்கு என்ன வேலை?" என்று அவளை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, சட்டத்தை மட்டும் மாட்டினார். ஒரு வருடமாக அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான் கூட்டினாலும் பார்க்கிறது, சாமி கும்பிட்டாலும் பார்க்கிறது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் அவரோடு வேலை செய்யும் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் சட்டத்தைக் காட்டுகிறார். "அடுத்த வருஷம் வந்து பாருங்க, படம் இருக்கும்" என்கிறார். அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் தேநீர் போடப் போய்விடுகிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். (மரியாதையாக எழுத ஆரம்பித்தேன், வரவில்லை. மன்னித்துக்கொள்.) உன் கைப்பேசி கடை மேசையில்தான் கிடக்கிறது. நான் ஒரு வரி எழுதினால் அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்கிறார், வெங்காயம் வாங்க வந்தவர் கருத்துச் சொல்கிறார். கடித உறையைப் பார்த்தால் அத்தான் தண்ணீர் பில் என்று நினைத்து உன் பக்கம் தள்ளிவிடுவார். ஆகவே இது உனக்கு மட்டும். படித்ததும் ஸ்டோர் ரூமில் உளுந்து மூட்டைக்கு அடியில் வைத்துவிடு.

அக்கா, நான் பட்டப்படிப்பில் புள்ளியியல் பாடத்தில் தோற்றுவிட்டேன். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. இதுவரை யாருக்கும் தெரியாது. முதல் முறை அவர் கேட்டபோது, "ரிசல்ட் இன்னும் வரல" என்றேன். இரண்டாம் முறை கேட்டபோது, "சிஸ்டம் டவுன்" என்றேன். ஏழு மாதமாக எங்கள் பல்கலைக்கழகத்துக்கு சிஸ்டம் டவுன். பாவம், நம்பிவிட்டார். "என்னா யூனிவர்சிட்டி இது, எங்க பிளாண்ட்ல இப்படி இருந்தா எல்லாரும் வெடிச்சே செத்திருப்போம்" என்று கோபப்பட்டார். மூன்றாவது தேர்வு வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அதிலும் தோற்றால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாதவர்களை வரும் ஜனவரியிலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று எங்கள் பாலர் பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. பத்தொன்பது வருடமாக அந்த எஸ்டேட் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, 'அ' போடக் கற்றுக் கொடுத்தவள் நான். சனிக்கிழமை மூன்று மணி நேரத்தில் எல்லாம் தீர்மானமாகிவிடும்.

அதிலும் அந்த ஐந்தாம் கேள்வி. ஒரு தொழிற்சாலையில் பல்பு செய்கிறார்கள். கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள், நூற்றில் இத்தனை எரிந்தது, இத்தனை எரியவில்லை. அப்படியானால் அடுத்த பெட்டியில் எரியப்போவது எத்தனைக்கும் எத்தனைக்கும் நடுவில் என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நானா பல்பு செய்தேன்? இரண்டு தேர்விலும் அந்தப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு வந்தேன். இப்போது வீட்டில் பல்பு ஃபியூஸ் போனால்கூட அவரைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

சரி, உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே என்பாய். அங்கேதான் அக்கா விஷயமே இருக்கிறது. நான் இந்திய மாணவர் கழகத்தின் தலைவர்.

சிரிக்காதே. நாற்பத்தாறு வயதில் நானாகவா போய் நிற்பேன்? பகுதி நேர மாணவர்களும் ஏதாவது ஒரு கழகத்தில் சேர்ந்து முகம் காட்டினால்தான் புறப்பாட நடவடிக்கைக்கு மதிப்பெண் தருவார்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் போனேன். நாலு பேர் கூடும் இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே என்று அறுபது மசால் வடை சுட்டு எடுத்துப் போனேன். அது முதல் தப்பு. வடை பாதி முடிந்தபோது கவிநேசன் என்று ஒரு பையன், செயலாளன், இருபத்தொரு வயசு, வாயில் வடையோடு எழுந்து நின்று என்னைக் காட்டினான்.

"தலைவர் பதவிக்கு ஆண்டியை முன்மொழியறேன்."

"ஐயோ, எனக்கு எதுக்குப்பா? வேற நல்ல பிள்ளையா பாத்துப் போடுங்க" என்றேன்.

"வழிமொழியறேன்!" என்றாள் ஷாந்தினி. சாப்பாட்டுப் பொறுப்பு அவளுக்கு.

"எனக்கு நேரமே இல்லம்மா. வேலை இருக்கு, படிப்பு இருக்கு."

"பாத்தீங்களா, எவ்ளோ அடக்கமா பேசறாங்க! இவங்கதான் லா நமக்கு வேணும்."

"வேண்டாம்ப்பா, உண்மையாத்தான் சொல்றேன்!"

மூன்றாவது முறை நான் வேண்டாம் என்றதும் எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. பந்தியில் பாயசம் வந்தால் நாம் இலைமேல் கையை விரித்து "போதும் போதும்" என்கிறோம், விரல் இடுக்கு வழியாக அவர்கள் ஊற்றிவிட்டுப் போகிறார்கள், நாமும் குடிக்கிறோம். வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் சொல்வது நமக்கு மரியாதை, வேண்டும் என்று சொல்வது அல்பத்தனம். அம்மா நம்மை அப்படித்தானே பழக்கினாள்? சின்ன வயதில் நம் பள்ளிக்கூட டீச்சர் மிஸ் வொங் வீட்டுக்கு நாம் போனது ஞாபகம் இருக்கிறதா? பிஸ்கட் டின்னை நீட்டினார். நீ ஒரே ஒருமுறை வேண்டாம் என்றாய். அவர் "ஓகே" என்று மூடி உள்ளே கொண்டுபோய்விட்டார். தோட்டம் வந்து சேரும்வரை நீ அழுதாய். உலகத்திலேயே நாம் சொன்ன வேண்டாமை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அந்த மிஸ் வொங்தான். அவர் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். ஒரு கோலப் போட்டி வைக்க வேண்டுமென்றால்கூடக் கெர்த்தாஸ் கெர்ஜா என்று ஒன்று எழுத வேண்டும். ஏன் நடத்துகிறோம், யார் வருவார்கள், எத்தனை தட்டு, எத்தனை நாற்காலி, மழை வந்தால் என்ன செய்வோம், எல்லாவற்றையும் மலாயில் இருபது பக்கம் எழுதி மாணவர் விவகார அலுவலகத்துக்குக் கொடுத்தால்தான் மண்டபத்தைத் திறப்பார்கள். போன மாதம் ஒரு மதியம், பாலர் பள்ளியில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், கலை இரவுக்கான கெர்த்தாஸ் கெர்ஜாவையும் புள்ளியியல் வீட்டுப்பாடத்தையும் ஒன்றாக முடித்தேன். ஒருத்தன் எழுந்து ஒன்றுக்கு வருகிறது என்றான். அந்த அவசரத்தில் இரண்டையும் மாற்றி அனுப்பிவிட்டேன். அலுவலகம் என் புள்ளியியல் வீட்டுப்பாடத்துக்கு இரண்டே நாளில் அனுமதி கொடுத்துவிட்டது. நெருப்பு பயன்படுத்தக் கூடாது, பதினோரு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை மட்டும். புள்ளியியல் விரிவுரையாளர் டாக்டர் ரொஹானா என் கலை இரவைப் படித்துவிட்டுப் பதில் எழுதினார்: "இதுவரை நீங்கள் எனக்கு அனுப்பியதில் தெளிவாக இருப்பது இது ஒன்றுதான். ஆனால் ஒரு கேள்வி. இருநூற்று நாற்பது பேர் வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது?" கிண்டலா, மிரட்டலா என்று புரியவில்லை. பதினோரு நாள் ஆகிறது, பதில் போடவில்லை. வீட்டுப்பாடத்தைத் திரும்பவும் சரியான இடத்துக்கு அனுப்பினேன், தாமதத்துக்கு ஐந்து மதிப்பெண் போனது.

அப்புறம் உறுமி மேளம். தேர்வுக்காக நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பையன்கள் உறுமி அடித்துப் பழகுகிறார்கள், மேசைமேல் பேனா தானாக ஆடுகிறது. ஒரு சீனப் பெண் புகார் மனு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். இருந்த எரிச்சலில் முதல் கையெழுத்து நான் போட்டேன். மறுநாள் அந்த மனு கழகத் தலைவருக்கு வந்து சேர்ந்தது. என் கையெழுத்துக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதி, இனிமேல் இப்படி நடக்காது என்று எனக்கு நானே உறுதி கொடுத்தேன். கவிநேசன் கேட்கிறான், "யாரு ஆண்டி இந்த மலர்க்கொடி, உங்க பேர்லயே இன்னொருத்தங்க இருக்காங்களா?" ஆமாம்ப்பா, இருக்கா. அவதான் படிக்கணும்னு ஆசைப்படறவ. அவளைத்தான் எனக்குப் பார்க்கவே கிடைக்கல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மன்னிப்புக் கடிதத்தை உறையில் போட்டேன்.

இதற்கெல்லாம் மேலே சாப்பாடு, சின்ன நிகழ்ச்சிகளுக்கு நானேதான் ஆக்குவது. நம்ம பிள்ளைங்களக் கூப்பிட்டா எல்லாரும் "கன்ஃபர்ம் லா ஆண்டி, கண்டிப்பா வர்றேன்"னுதான் சொல்லுவாங்க. வரலன்னு ஒரு வாய் சொல்லாது. கோலப் போட்டிக்குத் தொண்ணூறு பேர் கன்ஃபர்ம், வந்தது ஐம்பத்திரண்டு. புதிர்ப் போட்டிக்கு அறுபது பேர், வந்தது முப்பத்தெட்டு. பட்டிமன்றத்துக்கு நூற்று இருபது பேர் சூடம் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணினார்கள், வந்தது எழுபத்தொன்று. மிச்சத்தை எல்லாம் பொட்டலமாகத் தாப்பாவ் கட்டி, காடியில் ஏற்றி வீட்டுக்கு ஓட்டி வருவேன். நாலு நாளைக்குச் சோறு, மறுபடி நாலு நாளைக்கு மீ நூடுல்ஸ். அவர் ஆலைக்கே எடுத்துப்போய் நண்பர்களுக்கு ஊட்டுகிறார். "பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டே எவ்ளோ ஆக்கறா பாரு" என்று பெருமையாம். சனிக்கிழமை கலை இரவுக்கு இருநூற்று நாற்பது பேர் கன்ஃபர்ம். ஆமாம் அக்கா, அதே சனிக்கிழமைதான். காலை ஒன்பது மணிக்குத் தேர்வு, இரவு ஏழு மணிக்குக் கலை இரவு. டத்தோ பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர் வருகிறார், நான் அவருக்கு மாலை போட வேண்டும். நடுவில் இருக்கும் நேரத்தில் அழுதுகொள்ளலாம்.

சென்ற வியாழக்கிழமை விலகிவிடலாம் என்று துணிந்து போனேன். காடியிலேயே தஞ்சோங் கிளிங் வரை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். செயற்குழுவில் எழுந்து நின்று, "பிள்ளைங்களா, என்னால இனிமே முடியாது, வேற யாரையாவது தலைவரா வச்சிக்குங்க" என்றேன். ஷாந்தினி அழுதேவிட்டாள். "ஆண்டி, நாங்க உங்களுக்கு நன்றி சொல்லவே இல்லன்னுதானே இப்படிப் பேசறீங்க?" என்று எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். விடாமல் கடிதத்தை எடுத்து நீட்டினேன். கவிநேசன் அதை வாங்கி, மலாயில் இரண்டு பிழை திருத்திவிட்டு, "இது மேல போகணும்னா தலைவர் கையெழுத்து வேணும் ஆண்டி" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தான். பையில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மதியம் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். எண்கள் எல்லாம் அப்படியே இருக்க நான் மட்டும் விலகிப் போகிற மாதிரி இருந்தது. எனக்குள் ஒரு கேள்வி வந்தது. கழகம் என் படிப்பைக் கெடுத்ததா, இல்லை, படிப்பைக் கண்டு பயந்துதான் நான் கழகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேனா? தட்டு எண்ணும்போது பயம் வருவதில்லை. நாற்காலி அடுக்கும்போது வருவதில்லை. பல்பைப் பார்த்தால்தான் வருகிறது. ஒரு தலைவர் தோற்றுப்போகலாம் என்று யாரும் நினைப்பதில்லை பார், அந்த நிழல் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. இதை எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். உண்மைதான்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன் அக்கா. நாளைக்குப் போய் இரண்டையும் விட்டுவிடப் போகிறேன். கழகத்தையும் படிப்பையும். மூன்றாவது முறை தோற்று அவர்கள் பெயரை எடுப்பதற்கு முன்னால் நானே எடுத்துக்கொள்கிறேன். பாலர் பள்ளியில் ஜனவரி வரை இருப்பேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீ ஒரு நடை வந்து, நான் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, அவரிடம் மெதுவாகச் சொல்லிவிடு. சட்டத்தில் மகன் படத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். மூட்டுவலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கச் சொல். உன் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்க, பெயர் சொல்லும் பிள்ளைகளோடு நீ நூறு வயது வாழ, அடுத்த பிறவியிலும் எனக்கு நீயே அக்காவாக வர வேண்டும் என்று வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள, பயந்த தங்கை
மலர்க்கொடி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது கவிநேசனிடமிருந்து செய்தி வந்தது. "ஆண்டி, எத்தனை பிளேட் சொல்லணும்? கேட்டரிங் அங்கிள் இன்னிக்கே நம்பர் கேக்கறாரு." கடைசி வேலை, ஒழுங்காகச் செய்துவிட்டுப் போவோம் என்று, கைக்குக் கிடைத்த இந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். நீயே திருப்பிப் பார். மூன்று நிகழ்ச்சிக்கும் சேர்த்து இருநூற்று எழுபது பேர் கன்ஃபர்ம் சொன்னார்கள், நூற்று அறுபத்தொரு பேர் வந்தார்கள். நூற்றுக்கு அறுபது. அப்படியானால் சனிக்கிழமை இருநூற்று நாற்பதில் சுமார் நூற்று நாற்பத்து மூன்று பேர். கூடக் குறைய இருக்குமே, எவ்வளவு இருக்கும் என்று பார்த்தேன். பக்கத்தில் கிடந்த புத்தகத்திலிருந்து சூத்திரத்தை எடுத்து எண்களைப் போட்டேன். நூற்று இருபத்தெட்டுக்கும் நூற்று ஐம்பத்தெட்டுக்கும் நடுவில். "நூத்தி அறுபது சொல்லுப்பா, சொல்லாமக் கொள்ளாம வர்றவங்களுக்குப் பத்து சேத்துக்க" என்று பதில் அனுப்பிவிட்டு, பேனாவை மூடினேன். மூடிய பிறகுதான் அக்கா பார்த்தேன். நான் போட்டு வைத்திருப்பது ஐந்தாம் கேள்வி. நம்ம பிள்ளைங்கதான் அந்த பல்பு. இந்த ஒரு வருடமாக அதற்குத்தான் சோறு ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது. டாக்டர் ரொஹானாவுக்கு எழுதினேன்: "இருநூற்று நாற்பது தப்பு. நூற்று நாற்பத்து மூன்று, பதினைந்து கூடலாம், குறையலாம்." ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "சனிக்கிழமையும் இப்படியே எழுதுங்கள்." மற்ற நான்கு கேள்விகள் இன்னும் இருக்கின்றன, பயம் போகவில்லை.

ஆனாலும் நாளைக்கு எதையும் விடப்போவதில்லை. மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்லாதே, தேர்வில் இரண்டு முறை தோற்றதை நானே சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறு ஷிப்ட் முடிந்து வந்ததும் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா சட்டம்?" என்றார். "துடைக்க எடுத்தேன்" என்றேன். இப்போது உண்மையாகவே துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. கழகத்தின் ஆண்டுக் கூட்டம் ஜனவரியில். அன்றைக்கு நான் மாணவியாக இருந்தால்தான் உள்ளே உட்கார முடியும். வடை சுட்டுக்கொண்டு போகமாட்டேன். தலைவர் பதவிக்கு யார் என்று கேட்டவுடன், யாரும் என் பெயரைச் சொல்வதற்கு முன்னால், நானே கையைத் தூக்கி "எனக்கு வேணும்" என்று சொல்லப் போகிறேன். இது அவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. நீ இதைப் படிக்கும்வரை யாருக்குமே தெரியாது.